சவுரியம்மாளுக்கு ஒரு விருது

சவுரியம்மாள் செத்து எட்டு மாதம் ஆகியும் வாரத்துக்கு மூன்று முறை பேசிக்கொண்டிருந்தாள். மகன் நெடுஞ்செழியனின் வாய் வழியாக. சென்னையிலும் புதுச்சேரியிலும் காபிக் கடை மாடிகளில் பேசினாள், கம்பெனிகளின் ஆண்டு விழாக்களில் பேசினாள், ஒரு தடவை பல் டாக்டர்கள் மாநாட்டில்கூடப் பேசினாள். அவன் மைக்கை இடது கைக்கு மாற்றி, இல்லாத முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தொண்டையைச் செருமினால் போதும். வந்துவிடுவாள்.

"ராத்திரி முழுக்க முழிச்சிக்கினு வெள்ளக்காரங்கிட்ட இங்கிலீசுல திட்டு வாங்கிக்கினு இருந்தியே, அதுக்காச்சும் ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துது. இப்ப தமிழ்லயே திட்டு வாங்கறியே, இதுக்கு எவனாச்சும் எதனா குடுக்கறானாடா?"

பெருங்குடியில் கால் சென்டர் இரவு வேலையை அவன் விட்டது உண்மை. மேடைக் காமெடி என்று கிளம்பிய முதல் இரண்டு வருடம் யாரும் சிரிக்காததும் உண்மை. அம்மாவைப் பேசவைத்த பிறகுதான் சிரித்தார்கள். அவன் போட்ட மற்ற சரக்கெல்லாம், அரசியல், காதல், மெட்ரோ ரயில் எல்லாமே, அவள் வரும்வரை கூட்டத்தை உட்காரவைக்கிற வேலையை மட்டும்தான் செய்தன.

அவள் இறந்ததை மறைக்க வேண்டும் என்று அவன் திட்டம் எதுவும் போடவில்லை. சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போய்ச் செத்தாள். திண்டிவனத்தில் அடக்கம் நடந்தது. முப்பதாம் நாள் பூசை முடித்துக்கொண்டு சென்னைக்கு வந்தவன், அம்மாவைத் தொடக்கூடாது என்ற முடிவோடுதான் மேடையேறினான். ஒன்றும் எடுபடவில்லை. பின்வரிசையில் ஒருவன் "அம்மாவ கூப்புடு ப்ரோ" என்று கத்தினான். கூப்பிட்டான். வந்தாள். கூட்டம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. அந்த நேரம் முழுக்க அவள் கல்லறையில் இல்லை.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? செத்தவள் குரல் என்று தெரிந்தால் எவன் சிரிப்பான்? சொன்ன மறுநாளே அவன் தொழில் போய்விடும். அதைக்கூடச் சமாளிக்கலாம். அவள் பேசுவதற்கு மிச்சமிருந்த ஒரே இடமும் போய்விடும்.

கூப்பிட்டால் மட்டும் வந்தவள் போகப் போகக் கூப்பிடாமலும் வர ஆரம்பித்தாள். குளிக்கும்போது சோப்பு வழுக்கினால் அவள் திட்டினாள். ஒருநாள் மளிகைக் கடையில் மீதிச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாயை நீட்டியபோது அவன் வாயைத் திறந்தான், அவள் பேசினாள். கடைக்காரர் நிமிர்ந்து, அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பெண்பிள்ளையைத் தேடினார். கனவில் அவள் ஒருமுறைகூட வரவில்லை. தொண்டையில்தான் இருந்தாள். அவளை நினைத்துப் பார்த்தால் முகம் வரும், வாய் அசையும், ஆனால் கேட்கிற குரல் அவன் மேடையில் பேசுகிற குரல். இதைத் தவிர அவளுக்கு வேறு குரல் இருந்ததா என்ற கேள்வி வந்ததும் அவன் எழுந்து டிவியைப் போட்டுவிடுவான்.

பிப்ரவரி கடைசியில் சங்கவி போன் செய்தாள். விழுப்புரத்தில் கல்யாணம், காதுகுத்து, கல்லூரி விழா எல்லாவற்றையும் எடுத்து நடத்தித் தருகிறவள்.

"செழியன் ப்ரோ, நம்ம ஊர்ல மங்கையர் மன்றம் மகளிர் தின விழா நடத்தறாங்க. உங்க ஷோ இருக்கு. ஆனா இந்த வாட்டி மெயின் நீங்க இல்ல."

"அப்ப யாரு?"

"அம்மா! சிறந்த தாய் விருது. கமிட்டில ஒருத்தர்கூட வேற பேரு சொல்லல. மேடைல ஒக்கார வச்சி, மால போட்டு, சால்வ போத்தி, அமர்க்களம் பண்ணிடலாம். யூடியூப்ல லைவ் வேற போவுது."

"அவங்களால வர முடியாதுங்க."

பல மாதங்களில் அவளைப் பற்றி அவன் சொன்ன முதல் உண்மை அது. சங்கவி அதைக் காதிலேயே வாங்கவில்லை. "கார் அனுப்பறேன் ப்ரோ. அம்மா இல்லாம விழாவே இல்ல. இது மட்டும் நல்லா போச்சின்னா கடலூர், திருவண்ணாமல, வேலூர்னு உங்க ரெண்டு பேரையும் வச்சே ஒரு டூர் போட்டுடலாம். அம்மாகிட்ட கேட்டாவது சொல்லுங்களேன்."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். அம்மா செத்துட்டாங்க. இரண்டே வார்த்தை.

"வர்றேம்மா. நீ இவ்ளோ ஆசையா கூப்புட சொல்ல வராம இருப்பனா?" என்றாள் சவுரியம்மாள்.

அந்தப் பக்கம் சங்கவி வீல் என்று கத்தினாள். "அய்யோ, அம்மாவா! பக்கத்துலதான் இருக்கீங்களாம்மா? வணக்கம்மா!"

அவன் போனை வைத்தான். பேசியது தான்தான் என்று தனக்குத்தானே ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். அதைத் தன் குரலில்தான் சொன்னான். அதைக் கவனித்துக்கொண்டும் இருந்தான்.

பேனருக்குப் போட்டோ வேண்டும் என்றாள் சங்கவி. அம்மாவின் நல்ல போட்டோ ஒன்றுதான் இருந்தது. அது திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் தேவாவின் கம்ப்யூட்டரில் இருந்தது. தேவா பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். நெடுஞ்செழியன் விஷயத்தைச் சொன்னதும் அவன் மவுசை விட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான்.

"டேய், இத வச்சித்தானடா கண்ணீர் அஞ்சலி அடிச்சேன்? வானத்துல புறால்லாம் வுட்டனே."

"புறாவ எடுத்துடு."

"மேகம்?"

"அதையும் எடு."

"தோற்றம், மறைவுன்னு தேதி கீது. அதையும் தூக்கிட்டு அங்க 'சிறந்த தாய்'னு போடணும். அப்படித்தான?" தேவா அவனையே பார்த்தான். "உனக்கு ராத்திரில தூக்கம் வருதாடா?"

"வேலைய பாருடா, பேஜார் பண்ணாத."

தேவா வேலையைப் பார்த்தான். மேகம் போய் ரோஸ் நிறம் வந்தது. புறாக்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. "தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம் ஒண்ணு போட்டிருக்கேன். அது இருக்கட்டுமா? அவார்டுக்கும் செட் ஆவும்." இருக்கட்டும் என்றான் நெடுஞ்செழியன். கடையை விட்டு இறங்கும்போது தேவா பின்னாலிருந்து கேட்டான். "பேனர்ல அம்மா இருப்பாங்க, சரி. மேடையில யாருடா ஒக்காருவா?"

அம்மாவின் தங்கை ஜெசிந்தா. அதே நெற்றி, அதே தாடை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறாள். புருசன் போய் வெகுகாலம் ஆகிறது. அவன் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

"நான் அக்காவா ஒக்காரணும். அதான?"

"பேச வேணாம் சின்னம்மா. சும்மா கும்புட்டுட்டு ஒக்காந்தா போதும். தொண்ட சரியில்லன்னு நான் சொல்லிக்கறேன்."

"ஏன், பேசினா என்ன? நீ மேடையில பேசறது யாரு பேச்சின்னு நெனச்ச?"

அவன் புரியாமல் பார்த்தான்.

"திட்டு வாங்கறதுக்கு எவன் குடுக்கறான்னு கேட்டது நானு. உங்க ஊட்டு வாசல்ல, மல்லாட்டை உரிச்சிக்கினு இருக்க சொல்ல. மாதா கோயில்ல நின்னு உனக்குப் பொண்ணு கேட்டதா மேடையில சொல்றியே, அதுவும் நானு. நீ என் வாய எடுத்து அவ மூஞ்சில ஒட்டிட்ட. எங்க அக்காவா அப்படிப் பேசுவா? அவகிட்ட இருந்து ஒரு வார்த்த வாங்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்."

"இல்ல சின்னம்மா. அம்மாவும் சொல்லுவாங்க."

"என்னா சொல்லுவா? ஒண்ணு சொல்லு பாப்பம்."

அவன் நினைவுக்கு வந்ததெல்லாம் மேடையில் பேசிய வரிகள்தான். ஜெசிந்தாவே விட்டுக்கொடுத்தாள். "சரி வுடு. அவளுக்கு வர வேண்டியது. யார் கையில வாங்கினா என்னா? எனக்கும் ஒருநாள் மேடையில ஒக்காரணும்னு இருக்காதா? மாமாவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

மாமா என்பது அவன் அப்பா இருதயராஜ். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர். மகன் மேடையில் என்ன செய்கிறான் என்று அவர் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை, விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் சவுரியம்மாள் ஆள் உயரத்துக்கு நின்றாள். தேவா அவசரத்தில் ஒரு புறாவைச் சரியாக அழிக்கவில்லை. அவள் தோளுக்கு மேல் வெள்ளையாக ஒரு சிறகு மட்டும் தொங்கியது.

ஜெசிந்தா அரக்குப் பட்டில் வந்தாள். அம்மாவின் துணிகளைச் சொந்தங்கள் பிரித்துக்கொண்டபோது அவள் பங்குக்கு வந்த புடவை. காரிலிருந்து அவள் இறங்கியதும் நெடுஞ்செழியன் ஒரு அடி பின்னால் போனான். அவனுக்கே தெரியாமல் கால் போனது.

மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள்தான் அதிகம். சுய உதவிக் குழுக்காரர்கள், டீச்சர்கள், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து வேன் வைத்து வந்தவர்கள். அவன் ஷோ நன்றாகப் போனது. அம்மாவைப் பேசவைக்க வேண்டிய இடத்தில் சங்கவி குறுக்கே வந்து மைக்கை வாங்கினாள். "டூப்ளிகேட் போதும் ப்ரோ. ஒரிஜினல கூப்புடுவம்!"

ஜெசிந்தாவை நடுநாற்காலியில் உட்காரவைத்தார்கள். ரோஜா மாலை போட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். மன்றத்தின் தலைவி நினைவுப் பரிசைக் கொடுத்தார். பேனரில் இருந்த அதே போட்டோவைச் சட்டம் போட்டிருந்தார்கள், கண்ணாடிக்குள் ஒளிவட்டத்தோடு. ஜெசிந்தா அக்காளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு காமிராவைப் பார்த்துச் சிரித்தாள். தொண்டை சரியில்லை என்று அவன் சொல்வதற்குள் மைக் அவள் கைக்குப் போய்விட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். என் புள்ள என்னப் பத்தி ஊர் ஊரா பேசறான். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இவன் பேசற அளவுக்கு நான் பேசியிருந்தா, எம்புருசன் என்னிக்கோ சந்நியாசம் போயிருப்பாரு."

மண்டபம் குலுங்கியது. ஜெசிந்தா அது அடங்கும்வரை காத்திருந்தாள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

"அவர எதுக்குக் கொற சொல்லணும்? அந்த மனுசன் என் மூஞ்சிய நிமிந்து பாத்து வருசக்கணக்காவுது. நடுவுல ஆள மாத்தி ஒக்கார வச்சாகூடக் கண்டுபுடிக்க மாட்டாரு."

பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவில் நெடுஞ்செழியன் அப்பாவைப் பார்த்தான்.

நடு வழியில் வந்துகொண்டிருந்தார். மண்டித் தூசி சட்டையில் அப்படியே இருந்தது. லாரி டிரைவர் ஒருவர் மூட்டை ஏற்றும்போது சொல்லியிருக்கிறார், உன் பொண்டாட்டிக்கு விழுப்புரத்தில் அவார்டு குடுக்கறாங்களாமே, பேனர் வச்சிருக்காங்களே என்று. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நேராகப் பஸ் ஏறியிருக்கிறார். வாலண்டியர் பெண் ஒருத்தி மறித்து யார் என்று கேட்டாள். அவர் மேடையில் இருந்த படத்தைக் காட்டினார்.

"அவ புருசன்."

சங்கவியின் காதில் அது விழுந்துவிட்டது. "சர்ப்ரைஸ்! அப்பாவே வந்திருக்காங்க! கைதட்டுங்க, கைதட்டுங்க!" ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஜெசிந்தாவின் சிரிப்பு மூஞ்சியிலேயே உறைந்து நின்றது. "அப்பா, அம்மாவப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்கப்பா."

அவர் மைக்கை வாங்கினார். அதை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நெஞ்சருகே வைத்துக்கொண்டார். ஜெசிந்தாவை ஒருமுறை பார்த்தார். புடவையைப் பார்த்தார்.

"இது என் பொண்டாட்டி இல்ல" என்றார்.

கூரை பிய்ந்துவிடும் போலச் சிரித்தார்கள். அவர் ஏன் என்று புரியாமல் கூட்டத்தைப் பார்த்தார். அவர் விழிக்க விழிக்கச் சிரிப்பு கூடியது.

"இது அவ தங்கச்சி ஜெசிந்தா."

சங்கவி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சவுரியம்மா செத்துட்டா."

அதற்குத்தான் பெரிய சிரிப்பு வந்தது. முன்வரிசையில் ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குடும்பமே இப்படித்தான் போல என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். இருதயராஜ் அதைச் சத்தம் போட்டு இன்னொருமுறை சொன்னார். செத்துட்டாம்மா, எட்டு மாசம் ஆவுது, பொதச்சிட்டம். கைதட்டினார்கள். அவர் மகன் பக்கம் திரும்பி மைக்கை நீட்டினார்.

"நீயாச்சும் சொல்லுடா."

நெடுஞ்செழியன் மைக்கை வாங்கினான். சொல்ல வேண்டும் என்றுதான் வாங்கினான். தொழில் போனால் போகட்டும் என்ற இடத்துக்கு அவன் வந்திருந்தான், அது சத்தியம். கூட்டம் அடங்கி அவன் முகத்தைப் பார்த்தது. அந்த அமைதி அவனுக்குத் தெரிந்த அமைதி. அடுத்த அடியை எங்கே வைக்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்த அமைதி. கை தானாக இடுப்புக்குப் போனது.

"பாத்தீங்களாம்மா?" என்றாள் சவுரியம்மாள். "நான் செத்தாத்தான் இந்த மனுசன் மைக்க புடிச்சி என்னப் பத்திப் பேசறாரு. உசுரோட இருக்க சொல்ல 'ஏய்'ங்கறதுக்கு மேல ஒரு வார்த்த வந்ததில்ல."

அவன் தொழிலில் அதைவிடப் பெரிய சிரிப்பை அவன் வாங்கியதில்லை. அப்புறமும் வாங்கப்போவதில்லை. அலை மாதிரி வந்தது, அடங்கப் பார்த்தது, மறுபடி எழுந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. அப்பாவின் முகம் மாறவில்லை. கொஞ்ச நேரம் மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறவர் போல.

பிறகு ஜெசிந்தாவின் பக்கம் போனார். அவள் மடியிலிருந்து படத்தை எடுத்தார். பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் அதை நிமிர்த்தி வைத்தார். அவள் கழுத்திலிருந்த ரோஜா மாலையை இரண்டு கையாலும் கழற்றினார். ஜெசிந்தா தலையைக் குனிந்து கொடுத்தாள். மாலையைப் படத்துக்குப் போட்டார். கண்ணாடியின் மேல் சரிந்த பூவை ஒதுக்கி முகம் தெரியும்படி வைத்தார். ஒரு அடி பின்னால் வந்து நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு எந்த வீட்டிலும் மாலை போடமாட்டார்கள். விளையாட்டுக்குக்கூடப் போடமாட்டார்கள்.

சிரிப்பு முன்வரிசையில் முதலில் நின்றது. அந்த டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் தெரியாதவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வரிசை வரிசையாக அதுவும் அணைந்தது. வேனில் வந்த பெண்களில் ஒருத்தி எழுந்து நின்றாள். இன்னொருத்தி எழுந்தாள். பிறகு மண்டபமே எழுந்தது. யாரும் சொல்லாமலே கைகளைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். சங்கவி மட்டும் காமிராக்காரரைப் பார்த்துக் கையால் வெட்டிக்காட்டினாள், நிறுத்து, நிறுத்து என்று.

மைக் அவன் கையில்தான் இருந்தது. அவன் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது. ஏதாவது பேச வேண்டும். பேசினால் எந்தக் குரல் வரும் என்று தெரியவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றான்.

சாப்பாட்டுக்கு நிற்காமல் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். ஜெசிந்தா முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பின்சீட்டில் அப்பா படத்தை மடியில் வைத்திருந்தார். படத்தில் கிடந்த மாலை நெரிசலில் நசுங்கி இதழ்கள் பஸ் தரையில் உதிர்ந்தன. நெடுஞ்செழியனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சங்கவி, யாரோ, யாரோ. அணைத்துப் பையில் போட்டான்.

விக்கிரவாண்டி தாண்டியது. அவன் கேட்டான். தன் குரல்தானா என்று காது கொடுத்துக்கொண்டே கேட்டான்.

"அம்மா எப்படிப்பா பேசுவாங்க?"

கூட்டேரிப்பட்டில் மயிலம் போகிறவர்கள் இறங்கினார்கள், ஆட்கள் ஏறினார்கள், கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"மெதுவா" என்றார் அப்பா.

"வேற?"

வெளியே கரும்பு லாரி ஒன்று வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது.

"அவ்ளோதான்டா. மெதுவா பேசுவா."